உப்புக் காற்றுக்குத் தோதான கிட்டார்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கருங்கல் சந்திப்பிலிருந்து எந்தச் சாலையில் போனாலும் சற்று தூரத்தில் ஓர் ஆலயம் வந்துவிடும். ஆலயம் இருந்தால் பாடகர் குழு இருக்கும். பாடகர் குழு இருந்தால் கீபோர்டு ஒன்று, ரிதம் பேட் ஒன்று, கிட்டார் குறைந்தது ஒன்று இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்ட மக்களில் 46.85 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஞாயிறு ஆராதனை, திருப்பலி, கன்வென்ஷன், கிறிஸ்துமஸ் கரோல் சுற்று, ஊர்த் திருவிழாவுக்கு வரும் கானமேளா என்று ஆண்டு முழுவதும் கிட்டாருக்கு இங்கே வேலை இருக்கிறது. வேறு ஊர்களில் பொழுதுபோக்காக இருக்கும் கிட்டார், இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வழிபாட்டுக்கான கருவி.

வாசிக்கிற பிள்ளைகள் கூடினால் பேச்சு சூடுபிடிக்கும். ஃபெண்டரா, கிப்சனா? கம்பி 9-ஆ, 10-ஆ? பாஸ்பர் பிரான்ஸ் நல்லதா, 80/20 பிரான்ஸ் நல்லதா? வால்வு ஆம்புக்கு ஈடாக டிஜிட்டல் பெடல் வருமா? இந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது. ஒலியின் நுண்மையைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசும் ஒரு தலைமுறை கிடைத்திருப்பது ஊருக்கு நல்லதுதான்.

ஆனால், இந்த விவாதங்களுக்கான தரவுகள் பெரும்பாலும் கலிஃபோர்னியாவிலும் லண்டனிலும் குளிரூட்டிய அறைகளில் எடுத்த காணொளிகளிலிருந்து வருகின்றன. அவற்றைப் பார்த்துப் பொருள் வாங்குபவர், தன் ஊரைப் பற்றிய கேள்விகளைக் கேட்க மறந்துவிடுகிறார். குளச்சல் பக்கமிருந்தும் தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்தும் வீசும் காற்றில் இந்தக் கம்பி எத்தனை வாரம் தாங்கும்? தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டத்தில் இந்த மரப் பலகை என்ன ஆகும்? கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையுமாக எழும்பியிருக்கும் ஆலயத்தில் இந்த ஆம்ப் எப்படி ஒலிக்கும்? கிட்டார் ரசனை இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும். பிராண்டு பெயர் கடைசியில் வந்தால் போதும்.

தேவையில் பிறந்த ஒலிகள்

இது ஊர்ப்பற்றினால் சொல்லும் வாதம் அல்ல. உலகம் இன்று கொண்டாடும் கிட்டார் ஒலிகளில் பல, யாரோ ஒருவர் தன் இடத்தின் நெருக்கடியைச் சமாளித்தபோது பிறந்தவை.

லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் நடத்திய கடைக்கு வந்த இளைஞர்களுக்கு அமெரிக்காவின் ஃபெண்டர் ஆம்ப் மீது ஆசை. இறக்குமதி விலையோ கைக்கு எட்டாதது. எனவே 1962-இல் மார்ஷலும் அவருடைய தொழில்நுட்பக்காரர்களும் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சுற்றை முன்மாதிரியாக வைத்து, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் போட்டு ஓர் ஆம்ப் செய்தார்கள். வால்வும் ஒலிபெருக்கியும் மாறியதால் ஒலியும் மாறியது. அந்த மாற்றமே பிறகு ராக் இசையின் அடையாளம் ஆயிற்று. வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி30 ஆம்ப் வந்த கதையும் இப்படித்தான். 15 வாட்ஸ் ஆம்பை வைத்துக்கொண்டு ரசிகர்களின் கூச்சலுக்கு மேலே கேட்க முடியாமல் தவித்த ஷேடோஸ் குழுவின் தேவைக்காக 1959 வாக்கில் அதன் சக்தி இரட்டிப்பாக்கப்பட்டது.

பர்மிங்காமில் தகடு ஆலை ஒன்றில் வேலை பார்த்த டோனி அயோமி, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கை வாசிப்பாளர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான். விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய பாஞ்சோ கம்பிகளைக் கோர்த்தார். பின்னர் சுருதியையும் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். 1968-இல் உருவான அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் கனத்த ஒலிக்குப் பின்னால் இருப்பது வலிக்கிற ஒரு கையின் தேவை. அதே ஒலி வேண்டுமென்று நல்ல விரல்களை உடைய பிள்ளைகள் இன்று கம்பியின் கனத்தைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

நம்முடைய இசையிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் மாண்டலின் உ.ஸ்ரீநிவாஸ். மாண்டலினின் நான்கு ஜோடிக் கம்பிகள் கமகத்துக்கு ஒத்துவராது. மீட்டிய ஒலியும் சட்டென்று தேய்ந்துவிடும். அவர் மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டு, ஜோடிகளை நீக்கி ஐந்து ஒற்றைக் கம்பிகளாக்கினார். மின் ஒலிபெருக்கத்தால் நாதம் நீண்டு நின்றது, ஒற்றைக் கம்பியை இழுத்து வளைக்க முடிந்தது, கர்நாடக இசை மேடையில் அதற்கு இடம் கிடைத்தது. 1970-களில் 'சக்தி' குழுவில் எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு வாசித்த ஜான் மெக்லாலின், அமெரிக்காவில் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றவர். ஃபிரெட்களுக்கு இடையே பலகையைக் குழிவாகக் குடைந்து, குறுக்கே அனுநாதக் கம்பிகளும் பூட்டிய கிட்டாரைத் தனக்கென்று செய்வித்துக்கொண்டார். சென்னை ஐஐடியில் படித்துப் பாஸ்டனின் பெர்க்லியில் இசை பயின்ற பிரசன்னா, சாதாரண மின்சார கிட்டாரிலேயே கம்பியை இழுத்தும் விரலைச் சறுக்கியும் கமகங்களைக் கொண்டுவருகிறார். மூவருக்கும் விடை வேறு வேறு. ஆனால் மூவரும் முதலில் கேட்டது, "எனக்கு வேண்டிய இசைக்கு இந்தக் கருவி என்ன செய்ய வேண்டும்?" என்பதைத்தான்.

கருங்கல்லிலும் அதே கேள்வியைக் கேட்கலாம். விடை தேட நல்ல இடம், கிட்டாரிலேயே விலை குறைந்த பாகமான கம்பி.

முதலில் கம்பி

"மக்களே, கம்பி எப்பம் மாத்தினது?" என்று பாடகர் குழுவில் ஒரு பையனிடம் கேட்டால், "வாங்கினதுல இருந்து இதுதான் அண்ணா" என்று பதில் வருவது இங்கே அபூர்வம் அல்ல. பதினைந்தாயிரம் ரூபாய் கிட்டாரில் துருப்பிடித்த கம்பி. விரலை வைத்துச் சறுக்கினால் மணல் தாளில் உரசுவதுபோல் இருக்கும். துணியால் துடைத்தால் துணியில் செம்பழுப்புக் கோடு விழும். சுற்றுக்கம்பியை ஃபிரெட்டுக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் ஃபிரெட் அறைந்து அறைந்து சிறு சிறு பள்ளங்கள் தட்டுப்படும். அந்தக் கம்பி எந்த ஃபிரெட்டிலும் சரியான சுருதியில் நிற்காது. மின்னணு டியூனர் பச்சை விளக்கு காட்டும். கார்டு பிடித்தால் அபசுரம் கேட்கும்.

இதற்குக் காரணம் எளிது. மெல்லிய முதல் இரண்டு கம்பிகள் மேலே வெள்ளீயப் பூச்சுள்ள வெறும் எஃகு. உப்பு ஈரமும் வியர்வையும் பட்டால் பூச்சு தேய்ந்த இடத்தில் துரு ஏறும். தடித்த கம்பிகளில் எஃகுக்கு மேலே செம்புக் கலவைச் சுற்று இருக்கிறது. சுற்றின் இடுக்குகளில் அழுக்கும் உப்பும் சேரும்போது கம்பியின் எடை சீராக இருப்பதில்லை, அதன் மேல்சுரங்கள் மங்குகின்றன. புதுக் கம்பியில் கேட்கும் மணியோசை போன்ற துலக்கம் அதனால்தான் முதலில் மறைகிறது.

கடலோரத்துக்காரர் கம்பியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒலி நயத்தைவிட அரிப்பைத் தாங்கும் திறனை முன்னால் வைப்பது நியாயம். 80/20 எனப்படுவது 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்தது. புதிதில் பளிச்சென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். 1970-களில் டடாரியோ நிறுவனம் பரவலாக்கிய பாஸ்பர் பிரான்ஸ் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. ஒலி சற்றுக் கனிவு, ஆயுளும் சற்று அதிகம். 1990-களில் வந்த பூச்சுக் கம்பிகளில் மெல்லிய பாலிமர் உறை ஈரத்தைத் தடுக்கிறது. விலை ஆயிரத்தைத் தாண்டும்; சாதாரண செட் சில நூறு ரூபாய்தான். ஆனால் சாதாரணக் கம்பியைவிடப் பல மடங்கு நாள் உழைப்பதால், கருங்கல் போன்ற ஊரில் பூச்சுக் கம்பி ஆடம்பரம் அல்ல. வாங்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த பருத்தித் துணியால் சுற்றிப் பிடித்து, அடிப்பக்கமும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு முறை உருவிவிட வேண்டும். வீட்டில் கைக்குக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. தூசியை ஈர்த்துச் சுற்றின் இடுக்கை அடைத்துவிடும்.

கம்பியின் கனத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். 12 என்று சொல்லப்படும் செட்டில் முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமன். அகூஸ்டிக் கிட்டாரில் அந்த செட் ஆறு கம்பிகளுமாகச் சேர்ந்து பலகையை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையால் இழுக்கிறது. 10 செட்டைக் கோர்த்தால் அந்த இழுவை பத்து கிலோவுக்கும் மேல் குறையும். 12 போட்டால் ஒலி கனமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆலயத்தில் அந்த கிட்டார் பிக்கப் வழியாக மிக்சருக்குள் போகிறது. கனத்தை மிக்சரில் கூட்டிக்கொள்ளலாம். மெல்லிய ஒட்டுப்பலகையில் செய்த கிட்டாரில் கனமான கம்பி பூட்டினால், ஈரம் கோத்த பலகை உப்பி பிரிட்ஜைத் தூக்கிவிடும். பத்து வயதுப் பிள்ளையின் விரலுக்கும் அது கொடுமை.

பிள்ளைகளுக்கு நைலான் கம்பி கிட்டாரே தகும். நைலான் துருப்பிடிக்காது, விரலைக் கிழிக்காது, இழுவையும் எஃகுக் கம்பியைவிட வெகுவாகக் குறைவு. ஆட்டுக் குடலில் செய்த நரம்புகளுக்கு மாற்றாக, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆல்பர்ட் அகஸ்டின் செய்துகொடுத்த நைலான் கம்பிகளை ஸ்பெயினின் மேதை ஆந்த்ரே செகோவியா ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு உலகெங்கும் செவ்வியல் கிட்டாரின் கம்பி அதுவே. அதைக் குழந்தைக் கிட்டார் என்று ஒதுக்குவது தவறு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நைலானுக்காகச் செய்த கிட்டாரில் எஃகுக் கம்பியைப் பூட்டினால் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

அரை மில்லிமீட்டர் விவகாரம்

கம்பிக்கு அடுத்தது, கம்பிக்கும் பலகைக்கும் இடையேயுள்ள உயரம். கிட்டார்க்காரர்கள் இதை ஆக்‌ஷன் என்பார்கள். அகூஸ்டிக் கிட்டாரின் 12-ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பி ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் வாசிக்கச் சுகம். பெட்டியிலிருந்து எடுத்த மலிவு கிட்டார்களில் அது நான்கு மில்லிமீட்டர்கூட இருக்கும். அழுத்த அழுத்தக் கம்பி நீண்டு சுருதி ஏறும், கை வலிக்கும். "நமக்கு இது வராது" என்று பிள்ளை மூன்றாம் மாதம் கிட்டாரை அலமாரி மேல் ஏற்றிவிடும். வராமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம், அந்தக் கூடுதல் ஒன்றரை மில்லிமீட்டர்.

ஈரம் இதை இன்னும் மோசமாக்குகிறது. கிட்டார் செய்பவர்கள் கருவிக்கு உகந்ததாகச் சொல்லும் ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. மேற்குக் கடலோர மழைக்காலத்தில் அது 80-ஐத் தாண்டுவது சாதாரணம். மரம் நார்வாக்கில் அதிகம் நீளாது. குறுக்கில் ஈரத்தைக் குடித்து அகலும். அகல இடமில்லாத மேற்பலகை மேல்நோக்கி உப்பும். பிரிட்ஜும் கூடவே உயரும், ஆக்‌ஷன் ஏறும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடை அலன் சாவியால் கால் சுற்று திருப்புவதும், பிரிட்ஜில் இருக்கும் சாடிலின் அடியை அரை மில்லிமீட்டர் தேய்ப்பதும் தெரிந்த கைக்குச் சிறிய வேலை. தெரியாத கைக்கு அவை கிட்டாரையே முடித்துவிடும் வேலை. மழைக்காலத்தில் கிட்டாரை வெளிச்சுவரில் மாட்டாமல், உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, வீட்டின் உள்ளறையில் வைப்பதே பாதிக் கேட்டைத் தடுத்துவிடும்.

மரத்தின் மேலான மோகம்

ஆர்வலர்கள் அதிகம் சண்டையிடுவது மரத்துக்காக. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹாகனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் படை. இதில் இந்திய ரோஸ்வுட் என்பது நமது ஈட்டி, தமிழில் தோதகத்தி. கன்னியாகுமரியில் வந்து முடிகிற அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் அது. பிரேசில் தன் மரத்தை வெட்டி அப்படியே ஏற்றுமதி செய்வதை 1960-களின் இறுதியில் தடுத்ததும், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதற்குப் பிறகு உலகின் எண்ணற்ற கிட்டார்களின் முதுகும் விலாவும் விரல் பலகையும் தென்னிந்திய மலைகளிலிருந்து போனவை. வெட்டு மிகுந்ததால் ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச் சட்டமே வந்தது. 2017 முதல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-இல்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது.

இவ்வளவு விலை கொடுக்கும் அந்த மரத்தின் ஒலி அவ்வளவு வேறுபட்டதா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதுகுக்கும் விலாவுக்கும் ஆறு வகை மரங்களைப் பயன்படுத்தி, மற்றபடி ஒரே மாதிரியான ஆறு கிட்டார்களைச் செய்யச் சொன்னார்கள். கண்ணை மறைத்துக்கொண்டு 52 கிட்டார் கலைஞர்கள் வாசித்தார்கள். 2018-இல் வெளியான முடிவு: விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுடுக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்களில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. 2010-இல் அமெரிக்காவின் இண்டியானபோலிஸில் நடந்த சோதனையில் கண்ணை மறைத்து வயலின் வாசித்த 21 கலைஞர்களில் பெரும்பாலோர், ஸ்ட்ராடிவேரியஸ் போன்ற பழைய வயலின்களைவிடப் புதியவற்றையே விரும்பினார்கள் அல்லது வித்தியாசம் காண முடியாமல் நின்றார்கள்.

மரத்துக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. மேற்பலகை ஒட்டுப்பலகையா, ஒரே மரமா என்பது ஒலியைப் பாதிக்கும். ஆனால் கண்ணை மூடினால் மறைந்துவிடும் ஒரு வேறுபாட்டுக்காகக் குடும்பம் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ஏறிவரும் ஈட்டி விலைக்காக மலையில் இருக்கும் மரத்தையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. 1980-இல் 'மூடுபனி' படத்திலும் 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்திலும் இளையராஜா கிட்டாரை முன்னிறுத்தி அமைத்த பாடல்கள் டிரான்சிஸ்டரிலும் டீக்கடை டேப் ரெக்கார்டரிலும் ஒலித்து ஒரு தலைமுறையையே கிட்டார் பக்கம் இழுத்தன. கேட்டவர்கள் மனத்தைக் கட்டியது மெட்டும் வாசித்தவரின் கையும்தான். எந்த மரம் என்று எவரும் கேட்கவில்லை.

ஆலயமே ஆம்ப்

அடுத்து ஆம்ப். இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. 50 வாட்ஸைவிட 100 வாட்ஸ் இரட்டிப்புச் சத்தம் தரும் என்று பலர் நம்புகிறார்கள். வாட்ஸ் இரட்டித்தால் ஒலி உயர்வது மூன்று டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிய ஏற்றம். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க ஏறக்குறைய பத்து டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். பத்து வாட்ஸ் ஆம்பும் நூறு வாட்ஸ் ஆம்பும் அவ்வளவுதான் விலகி நிற்கின்றன. ஐம்பதுக்கும் நூறுக்கும் இடையேயுள்ள பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குக் கொடுப்பது மேல்.

உண்மையில் பெரும்பாலான ஆலயங்களில் கிட்டாருக்கென்று ஆம்பே இருப்பதில்லை. கேபிள் நேராக சவுண்டு செட்டின் மிக்சருக்குப் போகிறது. மின்சார கிட்டாருக்கு இதைவிடக் கேடான வழி இல்லை. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஒலிபெருக்கி ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை வெட்டிவிடும். நாம் இனிமை என்று கேட்பதில் பாதி அந்த வெட்டில்தான் இருக்கிறது. பேச்சுக்காகச் செய்த பெட்டி அதை வெட்டாது. லீட் வாசித்தால் தகரத்தில் ஆணியால் கீறுவதாகக் கேட்கும். பையன் இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்குவான், கீறல் பெரிதாகும். அவனுக்குத் தேவை ஒலிபெருக்கிப் பெட்டியின் தன்மையைப் போலச் செய்யும் வசதியுள்ள ஒரு சிறிய மல்டி எஃபெக்ட் கருவி அல்லது ஒரு சிறிய ஆம்ப், அதன் முன்னே ஒரு மைக். அகூஸ்டிக் கிட்டாரின் சாடிலுக்கு அடியில் இருக்கும் பீசோ பிக்கப்புக்குத் தேவை ப்ரீஆம்ப், நீளமான கேபிள் என்றால் ஒரு டிஐ பெட்டி. இவை எதுவும் கண்ணைப் பறிக்கும் பொருள்கள் அல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்குப் பாட்டின் வார்த்தை கேட்பது இவற்றால்தான்.

கட்டடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 30 மீட்டர் நீளமுள்ள ஆலயத்தில் முன்னால் எழும் ஒலி பின்சுவரில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய 0.18 நொடி ஆகும். கான்கிரீட்டும் டைல்ஸும் அதை விழுங்குவதில்லை. மேலும் மேலும் திருப்பி அனுப்பும். கட்டடமே எதிரொலி பெடலாக இருக்கும்போது, அதன் மேல் டிலேயும் ரிவர்பும் போட்டால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து குழம்பும். வீட்டு அறையில் ஹெட்போனில் அழகாக இருந்த ஒலி ஆலயத்தில் சேறாவது இதனால்தான். பெடலின் குமிழ்களை ஆலயத்தில் நின்றே திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே ரிவர்பை அணைத்து, தாழ்ந்த ஒலிகளைச் சற்றுக் குறைத்தால் போதும், கிட்டார் தெளிந்துவிடும். பாடுகிறவர்களின் குரலும் மேலே வரும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. மின்சார கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. ஆம்பிலோ மைக்கிலோ எர்த் கோளாறு இருந்தால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைப்பவரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகரில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி மேடையிலேயே இப்படித்தான் இறந்தார். திருவிழாப் பந்தலில் மழை நனைத்த மேடையும் தற்காலிக ஒயரிங்கும் கொண்ட நம் ஊர்களில் இந்த ஆபத்து கூடுதல். ஆம்பும் மிக்சரும் எர்த் உள்ள ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்க வேண்டும். மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கத்தை எந்த விழாக் கமிட்டியும் அனுமதிக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் ஆம்பையும் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது.

பழுது பார்க்க யார்?

கம்பி, ஆக்‌ஷன், ஒலிபெருக்கி, பாதுகாப்பு. வரிசை இதுவாக இருந்தால் கிட்டாரின் பெயர் தானாகப் பின்னுக்குப் போகும். எட்டாயிரம் ரூபாய் கிட்டாரைச் சரியாக அமைத்து, நல்ல கம்பி பூட்டி, தக்க பெட்டியில் ஒலிக்கவிட்டால், பெட்டியிலிருந்து எடுத்தபடியே துருக்கம்பியோடு கிடக்கும் நாற்பதாயிரம் ரூபாய் கிட்டாரைவிட அது இனிமையாகப் பேசும். கிட்டார் வாங்க ஒதுக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் கம்பிக்கும் அமைப்புக்கும் எடுத்து வைத்துவிட்டு மீதிக்குக் கருவி தேடுவதே புத்திசாலித்தனம்.

அந்தப் பங்கை யாரிடம் கொடுப்பது என்பதுதான் சிக்கல். கிட்டாரை விற்கும் கடைகள் பெருகிய அளவுக்கு, ஃபிரெட்டைச் சமன்செய்து நட்டின் பள்ளத்தை அறுத்துச் சாடிலைத் தேய்த்துத் தரும் கைகள் பெருகவில்லை. சிறு கோளாறுக்கே கிட்டாரைத் திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ அனுப்பலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பலர் அனுப்புவதில்லை, புதிது வாங்கிவிடுகிறார்கள்.

கைவினைக்குப் பஞ்சமான மாவட்டமா இது? அயினியும் பிலாவும் தேக்கும் எந்த மாதத்தில் எப்படி நெளியும் என்று பார்த்தவுடன் சொல்லும் தச்சர்கள் இங்கே இருக்கிறார்கள். மாவட்டத்தில் வில்லிசை என்ற தந்தி மரபும் இருக்கிறது; நாண் எவ்வளவு இறுகினால் மணிகள் எப்படிப் பேசும் என்பதை அந்தக் கலைஞர்கள் காதால் அளக்கிறார்கள். மரத்தை அறிந்த கையும் தந்தியை அறிந்த காதும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் அவை கிட்டார் மேசையில் சந்திக்கவில்லை. சந்திக்க வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

முதல் வேலையை ஆலயங்களே செய்யலாம். சபைக் கமிட்டிகளும் பங்குப் பேரவைகளும் சவுண்டு செட்டுக்கு லட்சக்கணக்கில் ஒதுக்கும்போது, ஆண்டுக்கு நான்கு செட் கம்பியும் ஒரு முறை கிட்டார் அமைப்பும் என்று தனித் தலைப்பில் ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். வேலை நிச்சயம் என்று தெரிந்தால் தொழிலுக்கு ஆள் வருவார்கள். கிட்டார் வகுப்பு நடத்துபவர்கள் முதல் மாதத்திலேயே கம்பி மாற்றக் கற்றுத்தர வேண்டும்: பழைய கம்பியைத் தளர்த்திய பிறகே வெட்டுவது, பிரிட்ஜ் பின்னைப் பிடுங்காமல் நெம்பி எடுப்பது, சுருதிச் சாவியில் இரண்டு மூன்று சுற்று மட்டும் விடுவது, புதுக் கம்பியை இழுத்துப் பழக்கிவிட்டு மீண்டும் சுருதி சேர்ப்பது.

அரசின் பங்கும் உண்டு. நாகர்கோவில் கோணத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மரவேலையும் மின்னணுவும் தெரிந்தவர்களுக்கு அங்கே மூன்று மாதக் குறுகியகாலப் பயிற்சி ஒன்றை மாவட்ட நிர்வாகம் தொடங்கலாம். ஃபிரெட் அரம், நட் அரம், நேர்கோல், ஃபீலர் கேஜ், சால்டரிங் இரும்பு என்று கருவிப் பட்டியல் சிறியது. பழகுவதற்கு வீடுகளின் அலமாரி மேல் கிடக்கும் கிட்டார்களே போதும். பாடத்தில் கம்பி, ஆக்‌ஷன், பிக்கப் ஒயரிங், ஆம்பின் எர்த் சோதனை ஆகிய நான்கும் இருந்தால் நலம். முதல் அணியில் எட்டுப் பேர் தேறி வந்தால் கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் ஆகிய நான்கு ஊர்களுக்கும் தலா இருவர் கிடைப்பார்கள்.